குழாய்க்குள் சிக்கிய காற்று

கடல்மீன் தொட்டி வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை மீன் விடலாம், உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது? இரவில் அது எவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் கேட்பதில்லை. தொட்டி ஹாலுக்கு வந்து, தண்ணீர் நிரப்பி, பம்ப்பை ஓடவிட்ட முதல் இரவில்தான் அந்தக் கேள்வி எழும். பகலில் டிவி, மின்விசிறி, தெரு இரைச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் அமுங்கிக் கிடந்த ‘களக்… களக்… சர்ர்ர்’ வீடு அடங்கியதும் தனியாகக் கேட்கத் தொடங்கும்.

நன்னீர்த் தொட்டிக்கு ஒரு சின்ன ஃபில்டரே பெரும்பாலும் போதும். கடல் தொட்டிக்கு அது போதாது. பவளப் பாறையும் நீமோ மீனும் இருக்கும் மேல் தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் இன்னொரு தொட்டி இருக்கும். அதற்குப் பெயர் சம்ப். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர், ஹீட்டர், ஃபில்டர் எல்லாம் அதில்தான். மேல் தொட்டியின் நீர் ஒரு தடுப்பின் விளிம்பைத் தாண்டி ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி 300 லிட்டர் கொள்ளும். மணிக்கு 2,000 லிட்டர் ஏற்றும் பம்ப் வைத்தால், ஒரு நாளில் 48,000 லிட்டர் நீர் அந்த ஒற்றைக் குழாய் வழியாக இறங்குகிறது. இதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் ஆக்சிஜன் குறையும், பவளம் வாடும், மீன் சாகும்.

சத்தம் தாங்காமல் முதலில் மாட்டுவது பம்ப்தான். விலை கூடிய ‘சைலண்ட்’ பம்ப் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். காரணம் எளிது. தொட்டிச் சத்தத்தின் பெரும்பகுதி தண்ணீரை மேலே ஏற்றும் இடத்தில் பிறப்பதில்லை. தண்ணீர் கீழே இறங்கும் இடத்தில், அதனோடு சேர்ந்து இறங்கும் காற்றால் பிறக்கிறது.

நீரின் ஓசை உண்மையில் குமிழிகளின் ஓசைதான் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு வானியலாளர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய மார்செல் மின்னார்ட், 1933-இல் ஓடும் நீரின் ஓசையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நீருக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழி சும்மா இருப்பதில்லை. நீர் அழுத்தும்போது அது சுருங்குகிறது. உள்ளே நெருக்கப்பட்ட காற்று திருப்பித் தள்ளும்போது விரிகிறது. இந்தச் சுருங்கல் விரிதல்தான் ஒலி. 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிர்கிறது. ஆரம் 1 செ.மீ. ஆனால் அதிர்வு 326 ஆக இறங்கிவிடும். குமிழி பெரிதாகப் பெரிதாகச் சுருதி இறங்கும். ‘சர்ர்ர்’ என்பது பொடிக் குமிழிகளின் கூட்டம். ‘களக்’ என்பது பெரிய காற்றுப் பொதி.

2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவருடைய மாணவர் சாமுவேல் பிலிப்ஸும் சொட்டுக் குழாயின் ‘ப்ளிங்க்’ ஒலியை அதிவேகக் கேமரா, மைக், நீருக்கடி ஒலிவாங்கி மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துப் பதிவுசெய்தார்கள். துளி நீரில் மோதுவதும், பள்ளம் விழுவதும், அதிலிருந்து நீர் எழும்புவதும் ஏறக்குறைய ஓசையின்றியே நடந்தன. பள்ளத்துக்கு அடியில் ஒரு சின்னக் குமிழி சிக்கும்போது மட்டும் ஒலி வந்தது. நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் குமிழி உருவாகவில்லை, ஒலியும் நின்றது. இந்த வைத்தியத்தை மீன் தொட்டியில் செய்துவிடக் கூடாது. சோப்பு மீனின் செவுளைக் கெடுத்துவிடும். ஆனால் அந்தச் சோதனை சொல்லும் பாடம் தொட்டிக்கு அப்படியே பொருந்தும். காற்றைத் தண்ணீருக்குள் சிக்கவிடாவிட்டால் சத்தத்துக்கு வழியில்லை.

கடல்நீரில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். நன்னீரில் இரண்டு குமிழிகள் முட்டிக்கொண்டால் உடனே சேர்ந்து ஒரே பெரிய குமிழியாகி மேலே போய் உடைந்துவிடும். உப்பு கலந்த நீரில் அவை சேரத் தயங்குகின்றன. 1993-இல் ஆஸ்திரேலியாவில் கிரேக், நின்ஹாம், பாஷ்லி ஆகிய மூவர் பல உப்புகளை வைத்து இதை முறையாக அளந்து காட்டினார்கள். சாதாரண உப்பைப் பொறுத்தவரை கடல்நீரில் இருக்கும் அளவு இந்தத் தடைக்குத் தாராளமாகப் போதும். ஸ்கிம்மர் கடல்நீரில் பிரமாதமாக வேலை செய்வதும், நன்னீரில் சொதப்புவதும் இதனால்தான். அதே குணம் குழாயில் எதிராகத் திரும்புகிறது. குழாயோடு இறங்கிய காற்று பொடிக் குமிழிகளாகவே சம்ப்பில் மிதந்து, பம்ப்புக்குள் புகுந்து, மேல் தொட்டியில் பால் கலந்தாற்போன்ற மங்கலை உண்டாக்கும். சத்தமும் மங்கலும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் பெருமளவு தீரும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது? செங்குத்தான குழாயில் கொஞ்சமாக நீர் விட்டால் அது சுவரோடு ஒட்டிப் படலமாக இறங்கும். நடுவில் காற்றுக்கு வழி இருக்கும். இந்த நிலையில் குழாய் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். அடுக்குமாடிக் கட்டடங்களின் கழிவுநீர்க் குழாய்களை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவன ஆய்வாளர்கள், குழாயின் குறுக்குப் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே நீர் நிரம்பலாம் என்று கண்டார்கள். பல வடிவமைப்புக் கணக்குகளில் 24-இல் 7 பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் படலங்கள் நடுவில் முட்டிக்கொண்டு நீர்க் கட்டிகளாகும். ஒவ்வொரு கட்டியும் கீழே உள்ள காற்றைத் தள்ளி, மேலே உள்ள காற்றை இழுக்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேனை டிஸ்பென்சரில் கவிழ்த்ததும் காற்றும் நீரும் ஒரே வாயில் முண்டியடித்துக் ‘களக் களக்’ என்று மாறி மாறிப் போகுமே, தொட்டிக் குழாயில் இரவு முழுக்க நடப்பதும் அதேதான்.

ஆகவே இரண்டே வழிகள். காற்றுக்கும் நீருக்கும் தனித்தனிப் பாதை கொடுக்கலாம். அல்லது குழாயிலிருந்து காற்றை முழுக்கத் துரத்திவிடலாம். கடல் தொட்டிக்காரர்கள் இருபது முப்பது வருடங்களாகத் தங்களுக்குள் பேசிப் பேசி, வெட்டி ஒட்டிப் பார்த்து உருவாக்கிய குழாய் அமைப்புகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவை. ஆய்வகத்தில் பிறக்காமல் ஆர்வலர்களின் கையில் வளர்ந்த பொறியியல் என்பதால், அதற்குத் தனி மரியாதை தர வேண்டும்.

முதல் வழிக்குப் பேர் போனது டர்ஸோ குழாய். அமெரிக்க ஆர்வலர் ரிச்சர்ட் டர்ஸோ 1990-களின் பிற்பகுதியில் பரப்பிய வடிவம் இது. ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நிற்கும் குழாயின் தலையில் T வடிவ இணைப்பான ஒரு டீ; டீயின் பக்கவாட்டு வாயில் கீழ்நோக்கி வளைந்த எல்போ; டீயின் உச்சியில் எண்ட் கேப்; அந்தக் கேப்பில் ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான். நீர், பரப்புக்குக் கீழே மூழ்கியிருக்கும் எல்போ வாய் வழியாக நுழைவதால் சுழல் உண்டாகிக் காற்றை உறிஞ்சுவதில்லை. குழாய்க்குத் தேவையான காற்று மேலே உள்ள ஓட்டை வழியாகத் தனியே வருகிறது. ஓட்டை சின்னதாக இருந்தால் குழாய் மூச்சுத் திணறி, நீர்மட்டம் ஏறி இறங்கி, சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘குபுக்’ என்று இழுக்கும். பெரிதாக இருந்தால் காற்று ‘உஸ்’ என்று சீறும். அதனால்தான் அனுபவசாலிகள் சின்ன ட்ரில் பிட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். இன்னொரு நல்ல வழி, காற்றுப் பம்ப்புக்குப் போடும் சின்ன வால்வு ஒன்றை அந்த ஓட்டையில் பொருத்திவிடுவது. அப்போது காற்றின் அளவைத் திருகியே சரிசெய்யலாம். சிலர் சீறலைக் கேட்டதும் ஓட்டையை டேப் போட்டு அடைத்துவிடுவார்கள். அது தவறு. காற்று கிடைக்காத குழாய் நீரை ஒரேயடியாக இழுத்துப் பெட்டியைக் காலி செய்யும், பிறகு நின்றுவிடும், மறுபடி இழுக்கும்.

டர்ஸோவுக்கு ஓர் எல்லை உண்டு. 24-இல் 7 பங்கு விதி அதற்கும் பொருந்தும். ஒரு இஞ்ச் குழாயில் நீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஓட்டையை எப்படித் திருத்தினாலும் சத்தம் திரும்பி வரும். ஒன்றரை இஞ்ச் குழாயாக மாற்றுவது ஒரு தீர்வு. காற்றையே வெளியேற்றுவது அதைவிட நல்ல தீர்வு.

ஹெர்பி என்று ஆர்வலர்கள் அழைக்கும் இரண்டு குழாய் அமைப்பும், பீன்அனிமல் என்ற மூன்று குழாய் அமைப்பும் இந்த இரண்டாம் வழி. இரண்டும் 2000-களில் பரவின. முதல் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும். கீழே, சம்ப்புக்கு அருகில் ஒரு வால்வு. குழாய் முழுக்க நீர் நிரம்பி, ஒரு துளிக் காற்றுகூட இல்லாமல் இறங்கும். இதை முழு சைஃபன் என்பார்கள். கணக்கைப் பார்த்தால் வால்வு எதற்கு என்பது புரியும். மேலே உள்ள நீர்மட்டத்துக்கும் சம்ப் நீர்மட்டத்துக்கும் 75 செ.மீ. வித்தியாசம் என்றால், தடையே இல்லாத குழாயில் நீர் நொடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பாயும். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அது மணிக்கு ஏறத்தாழ 6,800 லிட்டர். எல்போக்களும் உராய்வும் பாதியைத் தின்றுவிட்டால்கூட 3,000 லிட்டருக்கு மேல் மிஞ்சும். பம்ப் ஏற்றுவதோ 2,000 லிட்டர். வால்வு இல்லாவிட்டால் குழாய் பெட்டியைக் காலி செய்து, காற்றை விழுங்கி, அலறத் தொடங்கும். வால்வு அந்த 3,000-ஐ 2,000-க்குச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து வைக்கிறது.

சற்றுக் கீழே என்பதுதான் நுட்பம். பம்ப் ஏற்றும் அளவும் குழாய் இறக்கும் அளவும் துல்லியமாகச் சமமாக இருக்கவே முடியாது. மீதமாகும் அந்தக் கொஞ்ச நீர் எங்கே போகும்? மூன்று குழாய் அமைப்பில் அது இரண்டாவது குழாய்க்குப் போகிறது. அது டர்ஸோ போலக் காற்றுள்ள குழாய்தான். ஆனால் அதில் இறங்குவது மெல்லிய ஒழுக்கு மட்டுமே. சுவரோடு ஒட்டிச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மூன்றாவது குழாய் வெறுமனே நிற்கும். முதல் இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டுமே அதற்கு வேலை.

இதைச் சரிசெய்யும் நேரம் பார்க்க வேண்டிய காட்சி. முதலில் வால்வு முழுக்கத் திறந்திருக்கும். குழாய் நுரையும் நீருமாகக் கொப்பளித்து இறங்கும். சம்ப் வெள்ளை வெளேர் என்று கலங்கும். வால்வைக் கால் சுற்று மூடியதும் பெட்டியில் நீர்மட்டம் மெல்ல ஏறும். இன்னும் கொஞ்சம் மூடினால் சம்ப் முனையிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் திடுதிடுவென வெளியே வரும். குழாயில் மிச்சமிருந்த காற்று கடைசியாக வெளியேறும் நேரம் அது. அடுத்த நொடி ஓசை சட்டென்று நின்றுவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் பம்ப் நின்றுவிட்டது என்று பயந்து எட்டிப் பார்ப்பார்கள். இந்தத் திருகலுக்குக் கேட் வால்வுதான் ஏற்றது. பால் வால்வு கால் சுற்றிலேயே முழுக்கத் திறந்து முழுக்க மூடிவிடும். ஒரு மயிரிழை அசைவுக்கே நூற்றுக்கணக்கான லிட்டர் மாறும். கேட் வால்வு பல சுற்றுகளில் மெதுவாக மூடும். விலை அதிகம்தான். ஆனால் இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. அதன் இருபுறமும் யூனியன் போட்டுவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யலாம். சொல்யூஷன் போட்டு நிரந்தரமாக ஒட்டிய வால்வை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சோதனையும் உண்டு: கரண்ட் போவது. பம்ப் நின்றதும் சைஃபன் முறிந்து குழாயில் காற்று புகும். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே அது மறுபடி நிரம்ப வேண்டும். சம்ப்பில் குழாயின் முனை எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. 2 அல்லது 3 செ.மீ. போதும். பத்துப் பதினைந்து செ.மீ. ஆழத்தில் இறக்கிவிட்டால், உள்ளே சிக்கிய காற்று அந்த நீரின் அழுத்தத்தை மீறி வெளியேறத் திணறும். நீருக்கு மேலே விட்டாலோ நீர் கொட்டும் சத்தமும் உப்புத் தெறிப்பும் மிஞ்சும். ரிட்டர்ன் குழாயும் கரண்ட் போனதும் தலைகீழாக நீரை இழுக்கும். அதன் முனை மேல் தொட்டியில் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், மேலே சொன்ன அளவுள்ள தொட்டியிலிருந்து 30 லிட்டர் கீழே வந்துவிடும். அதைத் தடுக்க நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள். ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே போய்விட்டால் அதுவே நாள் முழுக்கப் பீய்ச்சிச் சீறும்.

ஓவர்ஃப்ளோ விளிம்பில் நீர் விழும் ஓசை தனிக் கதை. பெட்டிக்குள் நீர்மட்டம் தாழ்ந்து கிடந்தால் விளிம்பிலிருந்து 20, 30 செ.மீ. உயர அருவி உருவாகிவிடும். பெட்டியின் நீர்மட்டத்தை விளிம்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே வரை உயர்த்தினாலே இது அடங்கும். விளிம்பின் நீளமும் முக்கியம். மணிக்கு 2,000 லிட்டர் நீர் 30 செ.மீ. விளிம்பைத் தாண்டும்போது அதன் கனம் சுமார் 10 மி.மீ.; 120 செ.மீ. நீளத்துக்குப் பரப்பிவிட்டால் 4 மி.மீ.தான். மெல்லிய படலம் சுவரோடு வழியும். தடித்த நீர் தாவி விழும்.

காற்றுச் சத்தம் அடங்கிய பிறகுதான் பம்ப்பின் உண்மையான குரல் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண ஏசி பம்ப்பில் காந்த இழுப்பு ஒரு சுழற்சிக்கு இருமுறை நடப்பதால், அதன் உறுமல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அது காற்று வழியாக வருவதைவிட மரத்தின் வழியாகவே அதிகம் வருகிறது. பம்ப் கண்ணாடியைத் தொடுகிறது, கண்ணாடி அலமாரியைத் தொடுகிறது, அலமாரியின் மெல்லிய பின்பலகை ஸ்பீக்கர் வேலையைச் செய்கிறது. ஆகவே தொடும் இடங்களைத் துண்டிப்பதே வைத்தியம். பம்ப்புக்கு அடியில் சிலிகான் அல்லது தடித்த ரப்பர் மேட். பம்ப்பிலிருந்து முதல் ஒரு அடிக்குக் கெட்டிப் பைப் போடாமல் வளையும் சிலிகான் டியூப். குழாய் பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ஓட்டையைப் பெரிதாக வெட்டி, ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைச் சுற்றிவிடலாம். சில மாதங்களில் புதிய பம்ப்பும் கடகடக்கத் தொடங்கினால், இம்பெல்லரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். வேகத்தைக் குறைக்க முடிந்த டிசி பம்ப் என்றால் ஒரு படி குறைத்து ஓடவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

சத்தத்தால் தூக்கம் கெடுவது மனிதர்களுக்கு மட்டுமா? உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றது. மனிதர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மீன் எங்கே போகும்? 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோட்டுக் கடற்குதிரைகளை ஒரு மாதம் இரைச்சலான தொட்டியிலும் அமைதியான தொட்டியிலும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். நீருக்கடியில் அளந்தபோது ஒன்று சுமார் 123 டெசிபல், மற்றது 110. (நீருக்கடி டெசிபலுக்கு அடிப்படை வேறு, காற்றில் அளக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.) இரைச்சலில் இருந்தவை எடை குறைந்தன, மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் அவற்றில் கூடியிருந்தது. கடற்குதிரை இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வீட்டில் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டிய கோமாளி மீனை வளர்ப்பவர்கள் உண்டு. அதற்கும் காது உண்டு, குரலும் உண்டு. கோமாளி மீன் தாடையை வெடுக்கென்று மூடிப் பற்களை மோதவிட்டு ஒலி எழுப்புகிறது என்பதை எரிக் பார்மன்டியே குழுவினர் 2007-இல் காட்டினார்கள். அந்தப் பேச்சு சில நூறு ஹெர்ட்ஸில் நடக்கிறது. குழாயின் ‘களக்’ ஒலியும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது.

எனவே குழாயைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் தூக்கத்துக்கான ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். புதிதாகத் தொட்டி செய்யச் சொல்பவர்கள் கண்ணாடி வெட்டும் முன்பே மூன்று ஓட்டைகள் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு துளைக்க வேண்டுமானால் மீனையும் நீரையும் வெளியேற்றி, உடையும் என்ற பயத்தோடு செய்ய வேண்டும். ஏற்கெனவே ஓடும் தொட்டியில் ஒரே குழாய்தான் என்றால், டர்ஸோவைச் செம்மையாகப் பொருத்தி, தேவையானால் பம்ப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குழாயில் வால்வு போட்டு முழு சைஃபன் ஆக்கும் ஆசை வேண்டாம். அது அடைத்தால் நீர் தரையில்தான் நிற்கும். மூன்று குழாய் அமைப்பிலும் மூன்றாவது குழாய்க்கு எந்தக் காரணத்துக்காகவும் வால்வு பொருத்தக் கூடாது. பல மாதங்கள் அமைதியாக இருந்த தொட்டி ஒரு நாள் திடீரென்று கொப்பளித்தால், அந்த மூன்றாவது குழாய் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று சத்தத்தை அடக்கப் பார்க்காமல், முதல் இரண்டு குழாய்களின் வாயில் நத்தையோ பாசியோ அடைத்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.